மலர்க்கொடி அழித்த ஒரு வரி

மலர்க்கொடி மலேசியாவின் மலாக்கா மாநிலத்தில், லூபோக் சீனாவை ஒட்டிய ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அந்தத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் இரண்டு வகுப்புகளுக்கு ஓர் ஆசிரியர்தான். கூரை ஒழுகும் நாளில் பாடம் கிடையாது. அப்படிப்பட்ட பள்ளியிலும் கணக்கில் முதலாவதாக வந்த பெண், மூன்றாம் படிவத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, படிப்பை நிறுத்தினார். நிறுத்தியது அவர் மூளை அல்ல. தோட்டத்திலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போன ஒரே பஸ் நின்றது. அவர் படிப்பும் நின்றது. பஸ் வராததால் ரப்பர்ப் பால்வாளி தூக்கிய பொறியாளர்கள் நம் தோட்டங்களில் எத்தனை பேர் என்று யாரும் இதுவரை ஆராயவில்லை. ஆராய்ந்தால் பலருக்குத் தூக்கம் வராது.

தோட்டம் கைமாறியதும் குடும்பம் பத்து பெரண்டாமுக்கு வந்தது. அங்கே மின்னணுச் சில்லுகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் மலர்க்கொடி ஓப்பரேட்டராகச் சேர்ந்தார். அன்றுமுதல் ஒரே வேலை. உருப்பெருக்கிக் கண்ணாடியில் குனிந்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பி சில்லின் இரண்டு முனைகளிலும் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஷிப்ட் முடிந்து நிமிரும்போது கழுத்து நிமிராது. தெருவிளக்கைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரியும்.

1995-ஆம் ஆண்டு அந்தத் தொழிற்சாலையில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். புதிதாகத் தொடங்கும் சோதனைப் பிரிவுக்கு, வேலை செய்துகொண்டிருக்கும் ஓப்பரேட்டர்களிலிருந்தே ஆள் எடுக்கப்போகிறார்கள். கணினியின் முன் நிமிர்ந்து உட்கார்ந்து செய்யும் வேலை. பகல் ஷிப்ட் மட்டும். அதற்கு ஒரு தேர்வு உண்டு. பாதித் தேர்வு யோசித்து விடை காணும் புதிர்கள், மீதி கணினியை இயக்கிக் காட்டுவது. முப்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. அப்போது மலர்க்கொடிக்கு முப்பத்து நான்கு.

கண்ணையும் கழுத்தையும் இளமையிலிருந்து வாங்கிக்கொண்டு, பிறகு வயது அதிகம் என்று சொல்லும் இந்த நியாயத்தை எந்த நூலில் படித்தார்களோ!

அறிவிப்பைச் சுற்றி நின்ற பெண்களைப் பார்த்து சூப்பர்வைசர் சிரித்தார். “நீங்கள்லாம் கம்ப்யூட்டரத் தொட்டதே இல்லயே. எதுக்கு வீண் ஆசை?”

பக்கத்து இருக்கையில் வேலை பார்த்த மீனம்மாவின் கையை மலர்க்கொடி பிடித்தார். மீனம்மாவுக்கு இருபத்தாறு வயது. வேகமான கை, அதைவிட வேகமான வாய்.

“எனக்குத்தான் வயசு போச்சு. ஒனக்குப் போகல லா. தொட்டதில்லன்னா தொட்டுட்டுப் போவோம்.”

“எதத் தொடறது? சூப்பர்வைசர் மண்டையவா?”

“அதுல ஒண்ணும் இருக்காது. கம்ப்யூட்டர.”

தொழிற்சாலை அலுவலகம் கழித்துப்போட்ட பழைய கணினி ஒன்றை மலர்க்கொடி வாங்கினார். அதோடு வந்த கையேட்டைப் பார்த்து அதை இயக்கப் பழகினார். வீட்டில் வைக்க இடமில்லை. அவர் குடியிருந்த தாமானின் முனையிலிருந்த முனீஸ்வரர் கோயிலுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட மண்டபம் ஒன்று இருந்தது. கோயில் தலைவர் ரங்கசாமி லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர், தாராள மனசுக்காரர். “கோயிலுக்குள்ள படிப்பு நடந்தா முனியாண்டிக்கும் நல்லதுதானே. ஞாயித்துக்கிழமை எடுத்துக்கம்மா” என்று சாவியைக் கொடுத்தார். மீனம்மாவும் கருப்பாயியும் இன்னும் நாலைந்து ஓப்பரேட்டர்களும் வரத் தொடங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் ஓய்வு. துணி துவைப்பதையும் தூங்குவதையும் விட்டுவிட்டு வந்தார்கள்.

கணினியை இயக்கப் பழகிவிடலாம். யோசிக்கப் பழகுவது எப்படி? இந்தக் கேள்வியோடு மலர்க்கொடி மலாக்கா நகரத்துக்கு பஸ் ஏறினார். பஸ் நிலையத்துக்குப் பின்னால் யூனுஸ் ஒரு கடை வைத்திருந்தார். மின்விசிறி, வானொலி, கணினி என்று எது கெட்டாலும் அங்கே போகும்.

“கேம் வேணும்ணே.”

“நெறைய இருக்கும்மா. விமானம் சுடுறது, பேய் சுடுறது...”

“சுடுறது வேணாண்ணே. யோசிக்கிறது இருக்கா?”

யூனுஸ் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். “யோசிக்கிறதா? அத இங்க யாரும் கேக்குறதில்ல. அடியில எங்கயாச்சும் கெடக்கும், இருங்க.”

தூசி தட்டி ஒரு வட்டு எடுத்துக் கொடுத்தார். எண்ணைக் கண்டுபிடிக்கும் புதிர் அது. படம் கிடையாது, வண்ணம் கிடையாது, சத்தம் கிடையாது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும். கணினி நான்கு இலக்க எண் ஒன்றை ஒளித்துவைக்கும். எந்த இலக்கமும் இரண்டு முறை வராது. நாம் ஓர் எண்ணை அடித்தால், எத்தனை இலக்கம் சரியான இடத்தில் இருக்கிறது, எத்தனை இலக்கம் சரியாக இருந்தும் இடம் மாறியிருக்கிறது என்று சொல்லும். அதைக்கொண்டு யோசித்து அடுத்த எண்ணை அடிக்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னிலையிலும் அதைக் கணினியில் ஏற்றினார். திரையில் ‘சி’ என்ற எழுத்தும், அதன் பக்கத்தில் மின்னிக்கொண்டிருந்த ஒரு சின்னக் கோடும்தான் தெரிந்தன. வட்டில் இருப்பதைப் பிரதி எடுக்கும் கட்டளையை மீனம்மா அடித்தார். ‘ஏ’ எழுத்துக்குப் பின்னால் போடவேண்டிய இரண்டு புள்ளிகளை விட்டுவிட்டார். ‘கட்டளை தவறு, அல்லது கோப்பின் பெயர் தவறு’ என்று ஆங்கிலத்தில் பதில் வந்தது. மீனம்மா கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

“கெடுத்துட்டேனா அக்கா?”

“ஒண்ணும் கெடல. தப்புன்னு சொல்லுது. திட்டுச்சா?”

“இல்ல.”

“அப்புறம் என்னா? மறுபடி அடி.”

மறுபடி அடித்தார், வட்டு முனகியது, கோப்புகள் வந்து சேர்ந்தன. தப்பு செய்தால் திட்டாமல், சம்பளத்தில் கை வைக்காமல், தப்பு என்று மட்டும் சொல்லும் ஒன்றை அந்தப் பெண்கள் வேலைக்கு வந்தபிறகு அன்றுதான் பார்த்தார்கள்.

ஆனால் விளையாட்டு தொடங்கும் முன் அது ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டது. ஏதாவது ஓர் எண்ணைக் கொடு என்பதுபோல் ஒரு நீண்ட வரி. கருப்பாயி முகத்தை அருகில் கொண்டுபோனார்.

“என்னா கேக்குது? ஐசி நம்பரா?”

யாரும் பதில் சொல்லுமுன் தன் அடையாள அட்டை எண்ணை முழுவதும் அடித்துவிட்டார். அவ்வளவு பெரிய எண்ணைத் தாங்காமல் விளையாட்டு நின்றது.

“பாருங்க, கவர்மென்ட் குடுத்த நம்பரையே ஏத்துக்க மாட்டேங்குது” என்றார் கருப்பாயி.

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அந்த ஆங்கில வரி வரும்போதெல்லாம் அவர்கள் தோள் சுருங்குவதை மலர்க்கொடி பார்த்தார். மறுநாள் கையேட்டின் துணையோடு அந்த விளையாட்டின் கட்டளைகளைத் திறந்து, திரையில் வரும் வாசகங்களையெல்லாம் ஆங்கில எழுத்தில் தமிழாக மாற்றினார். ‘நான் ஒரு நம்பர் நினைச்சிருக்கேன். கண்டுபிடி!’ ‘இடத்துல’, ‘இடம் மாறி’. அந்தக் கேள்வியைக் கேட்கவைத்த ஒரு வரியையும் அழித்தார். அது எதற்கு என்று அவருக்குத் தெரியாது. அழித்த பிறகும் விளையாட்டு ஓடியது. சரி என்று விட்டுவிட்டார்.

அடுத்த ஞாயிறு மண்டபம் களைகட்டியது. மீனம்மா முதலில் 1234 அடித்தார். இடத்தில் ஒன்றுமில்லை, இடம் மாறி இரண்டு என்று வந்தது. அடுத்து 5678. அதிலும் இடம் மாறி இரண்டு. சற்று நேரம் விரல்விட்டு எண்ணிய மீனம்மா மேசையைத் தட்டினார்.

“நாலு நம்பரும் கெடச்சிருச்சு லா! ரெண்டு இதுல, ரெண்டு அதுல. அப்ப ஒன்பதும் சைபரும் வெளிய போ!”

“ஒன்பது எனக்கு ராசி நம்பர்” என்றார் கருப்பாயி.

“ராசியா இருந்தா என்னா, இங்க வேலை இல்ல. வெளிய போ!”

மீனம்மாவின் முகத்தில் அப்போது இருந்த மகிழ்ச்சிதான் அறிவின் மகிழ்ச்சி. யாரும் சொல்லித் தராத ஒன்றை, இருக்கும் தடயங்களைக்கொண்டு தானே சென்று அடைவது. எது இருக்க முடியாது என்று தெளிந்தாலே பாதித் தூரம் கடந்தாயிற்று. இதை அறிந்த மக்களை ஏமாற்றுவது கடினம். வெகுநேரம் மோதியபின் 7523 என்று விடை வந்தது. எல்லோரும் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

அதற்கடுத்த ஞாயிறு கணினியைத் திறந்து விளையாடினால் மறுபடியும் 7523. பெண்கள் வியந்தார்கள். அடுத்த வாரம் மீனம்மா வேடிக்கையாக நேரடியாக அதையே அடித்துப் பார்த்தார். நாலும் இடத்தில்.

“அக்கா! இது இதே நம்பரத்தான் நெனச்சிக்கிட்டே இருக்கு!”

இங்கே நம் மக்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். லோரி கவிழ்ந்தால் அதன் எண் தகட்டைப் பார்க்க ஓடுகிறவர்கள் நாம். குழந்தை பிறந்தால் எடை, ஆள் இறந்தால் வயது, கனவில் பாம்பு வந்தால் அதற்கென்று ஓர் எண். நாலு நம்பர் லாட்டரிக்கு எண் தேடும் கண்களுக்கு உலகம் முழுவதும் எண்களால் எழுதப்பட்டது. பாவப்பட்டவர்களின் நம்பிக்கையை இப்படிக் கவுன்டர் வைத்து விற்கிறார்கள். உழைப்பால் உயர வழியிருந்தால் எவன் லோரி எண்ணைத் தேடி ஓடுவான்? ஆனாலும் தேடுகிறவன் ஏமாறுகிறான் என்பது மாறாது.

‘நான் ஒரு நம்பர் நினைச்சிருக்கேன். கண்டுபிடி’ என்று முனீஸ்வரர் கோயில் மண்டபத்தில் ஒரு பெட்டி சொல்கிறது. அதுவும் வாரா வாரம் ஒரே நாலு இலக்கம். செய்தி மீனம்மாவின் கணவர் வழியாக ரங்கசாமியிடம் போனது. ரங்கசாமி வழியாகத் தாமான் முழுவதும் போனது. அந்த வாரக் குலுக்கலில் ஆறுதல் பரிசு எண்களில் ஒன்றாக 7532 வந்தது.

“பாத்தியா?” என்றார் ரங்கசாமி மலர்க்கொடியிடம். “மொத ரெண்டும் இடத்துல. கடைசி ரெண்டு இடம் மாறி. அதுவே சொல்லுதேம்மா, இடத்துல, இடம் மாறின்னு! நாமதான் திருப்பிப் போட்டுச் சீட்டு எழுதல.”

அந்த நாலு இலக்கத்தையும் எல்லா வரிசையிலும் மாற்றிப் பணம் கட்டியிருந்த சிலருக்குப் பரிசும் கிடைத்துவிட்டது. பிறகு கேட்கவேண்டுமா? அடுத்த ஞாயிறு மலர்க்கொடி வந்தபோது கணினி மண்டபத்தில் இல்லை. சந்நிதியின் பக்கத்தில் ஒரு மேசைமேல் இருந்தது. திரைக்கு மேல் மஞ்சள், குங்குமம், விசைப்பலகைமேல் எலுமிச்சம்பழம். வாசல்வரை வரிசை. ஒருவர் கற்பூரத் தட்டோடு நெருங்க, மலர்க்கொடி குறுக்கே பாய்ந்தார்.

“புகைய காட்டாதீங்க! உள்ள போனா செத்துரும்!”

“சாமி எப்பிடிம்மா சாகும்?” என்று அவர் கேட்டார்.

வகுப்பு நடக்கவில்லை. அதற்கடுத்த வாரமும் நடக்கவில்லை. தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. மலர்க்கொடி ரங்கசாமியிடம் போய் நின்றார்.

“தலைவரே, பரீட்சை வருது. பொட்டிய எங்களுக்கு விடுங்க.”

ரங்கசாமி அவரை உட்காரவைத்து, குரலைத் தாழ்த்திப் பேசினார். அவர் கெட்டவர் அல்லர் என்பதால்தான் அந்தப் பேச்சு ஆபத்தானது.

“மலரு, நான் சொல்றதக் கேளு. இது இங்கயே இருக்கட்டும். ஜனங்க உண்டியல்ல போடுறாங்க. கொஞ்ச நாள்ல ஒன் கிளாஸுக்குப் புது கம்ப்யூட்டர் வாங்கித் தர்றேன். ஒண்ணு இல்ல, ரெண்டு மூணு. கமிட்டியில பேசிட்டேன். நீ ஒண்ணும் பொய் சொல்ல வேணாம்மா. சும்மா இரு, அது போதும்.”

சும்மா இரு. நம் நாட்டில் எல்லா மோசடிகளும் நல்லவர்களிடம் கேட்கும் சலுகை இவ்வளவுதான்.

மலர்க்கொடி சும்மா இருக்கலாமா என்று யோசிக்கத்தான் செய்தார். அதை மறைத்து அவரைச் சிலையாக்க நான் விரும்பவில்லை. புதுக் கணினிகள் வந்தால் ஏழெட்டுப் பேர் ஒரே விசைப்பலகைக்கு முட்டிமோத வேண்டாம். வகுப்புப் பெண்களே அதைத்தான் சொன்னார்கள். “பேசாம இருங்கக்கா. நமக்கு நல்லதுதானே லா.”

அவர் முடிவை மாற்றியது மீனம்மா. ஒருநாள் வேலை முடிந்து இருவரும் கோயிலுக்குப் போனார்கள். கூட்டமில்லை. “ஒரு ஆட்டம் போடலாம் வா, பரீட்சைக்குப் பழகுன மாதிரி இருக்கும்” என்றார் மலர்க்கொடி. மீனம்மா செருப்பைக் கழற்றினார். திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். 7523 என்று அடித்துவிட்டுக் கைகூப்பிக் கண்ணை மூடினார்.

“யோசிக்கலயா?” என்று மலர்க்கொடி கேட்டார்.

“எதுக்குக்கா யோசிக்கணும்? அதான் தெரியுமே.”

‘ஒன்பதும் சைபரும் வெளிய போ’ என்று மேசையைத் தட்டிய அதே கை. புதுக் கணினிகள் வரும். அவற்றின் முன் உட்கார யோசிக்கிறவர்கள் இருக்கமாட்டார்கள்.

சனிக்கிழமை பிற்பகல் சாவியை வாங்கிக்கொண்டு தனியாகப் போனார். விளையாட்டைத் தொடங்கினார்: 7523. நிறுத்தாமல் தொடர்ந்தார். அடுத்த எண்ணைக் கண்டுபிடிக்க வெகுநேரம் ஆயிற்று: 7084. அதற்கடுத்தது 8739. நிறுத்திவிட்டுத் தொடக்கத்திலிருந்து மறுபடி ஆடினார். அதே 7523, அதே 7084, அதே 8739. இதுவரை யாரும் முதல் எண்ணுக்கு மேல் ஆடிப் பார்த்ததில்லை.

ஒரே வரிசை. யாரோ எழுதிவைத்ததுபோல. யார்?

யூனுஸ் கொடுத்த வட்டைப் போட்டு, அதிலிருந்த கட்டளைகளையும் தாம் மாற்றியவற்றையும் வரிக்கு வரி ஒப்பிட்டார். வட்டில் ஒரு வரி அதிகமாக இருந்தது. அவர் அழித்த வரி. உதவிப் பக்கத்தில் அந்தச் சொல்லைத் தேடிப்பிடித்து, அகராதி வைத்துக்கொண்டு படித்தார். பொதுத் தொலைபேசியில் யூனுஸைக் கூப்பிட்டு, தாம் புரிந்துகொண்டது சரிதானா என்று கேட்டார்.

“அட, ஆமாம்மா” என்றார் யூனுஸ். “சீட்டுக்கட்டு மாதிரிதான். அந்த வரிதான் கலைச்சுப் போடுறது. நீங்க கலைக்காம மேல இருந்து எடுத்தா, எப்பவும் அதே சீட்டுதானே வரும்? அதுசரி, ஏன் கேக்குறீங்க?”

“அதுக்கு மாலை போட்டுட்டாங்கண்ணே.”

மறுமுனையில் யூனுஸ் சிரித்த சிரிப்பில் மலர்க்கொடி ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

அழித்த வரியைச் சத்தமில்லாமல் திரும்பப் போட்டுவிடலாம். ஆனால் எண் மாறினால் ஜனங்கள் என்ன சொல்வார்கள் என்று அவருக்குத் தெரியும். சாமி புது நம்பர் கொடுத்திருக்கிறது என்பார்கள். எல்லோர் கண்ணெதிரிலும் உடைத்தால்தான் உடையும். உடைத்தால் புதுக் கணினிகள் இல்லை, மண்டபமும் போகலாம், வகுப்புப் பெண்களே தம்மை வெறுக்கலாம். இவ்வளவும் தெரிந்துதான் மறுநாள் காலை கோயிலுக்குப் போனார்.

கூட்டம் நிறைந்திருந்தது. மலர்க்கொடி மேசைப் பக்கத்தில் நின்றார்.

“எல்லாரும் கேளுங்க. இந்த நம்பர் சாமி குடுத்தது இல்ல. இது என் தப்பு. நான் ஒரு வரிய அழிச்சிட்டேன். அதனால இது எப்பவும் ஒரே வரிசையில நம்பர் போடுது.”

யாரும் நம்பவில்லை. அடக்கமாகப் பேசுகிறார் என்று நினைத்தார்கள். அவர் சுண்ணாம்புக் கட்டியை எடுத்துக் கோயில் அறிவிப்புக் கரும்பலகையில் 7084, 8739 என்று எழுதினார்.

“மொதல்ல 7523 வரும். அடுத்தது இந்த ரெண்டும் வரும். பாத்துக்குங்க.”

கணினியைத் திறந்து அடித்தார். மூன்று எண்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் நாலும் இடத்தில். கூட்டம் கரும்பலகையையும் திரையையும் மாறிமாறிப் பார்த்தது. ‘சரி, புரிந்துவிட்டது’ என்று மலர்க்கொடி மூச்சு விட்டார்.

முன்வரிசையிலிருந்த சுப்பம்மா என்ற மூதாட்டி தள்ளாடி எழுந்து இரண்டு கைகளையும் தலைக்குமேல் கூப்பினார்.

“தாயே! அது மனசுல நெனைக்கிறத நீ படிச்சிட்டியே!”

“அம்மாவுக்கு அருள் வந்திருச்சு!” என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். யாரோ விபூதித் தட்டைத் தேடினார்கள். கருப்பாயி மலர்க்கொடியின் காதில் முணுமுணுத்தார்: “அக்கா, ஓடிருங்க. ஒங்களத் தூக்கி உள்ள வைக்கப்போறாங்க.”

நிரூபணமே அற்புதமாகிவிட்டது! வேறொருவராக இருந்தால் அந்த இடத்தில் நாற்காலியில் சாய்ந்து அம்மனாகியிருப்பார். அப்படி ஆனவர்கள் இந்த நாட்டில் காரும் மாளிகையுமாக வாழ்கிறார்கள். மலர்க்கொடி வெகுண்டார்.

“அருளும் இல்ல, ஒண்ணும் இல்ல! நேத்து ஒக்காந்து ஆடிப் பாத்தேன், அதான் தெரியும். தலைவரே, இங்க வாங்க. நீங்களே ஒக்காருங்க.”

ரங்கசாமி தயங்கி வந்து உட்கார்ந்தார். அழித்த வரியை மலர்க்கொடி எல்லோர் எதிரிலும் திரும்ப அடித்துச் சேர்த்தார். விளையாட்டைத் தொடங்கினார். பழைய ஆங்கிலக் கேள்வி திரும்ப வந்தது.

“ஏதாச்சும் ஒரு நம்பர் கேக்குது. ஒங்க பழைய லோரி நம்பரக் குடுங்க.”

அவர் ஒற்றை விரலால் அடித்தார். தோற்றுவிட்டேன் என்று சைபரை அடித்தால் விடையைக் காட்டிவிடும், அடித்தார். 7523 இல்லை, வேறோர் எண். கூட்டம் அதை உடனே உள்ளங்கையில் எழுதிக்கொண்டது.

“மறுபடியும் தொடங்குங்க. அதே லோரி நம்பர்.” அதே விடை வந்தது.

“இப்ப லோரி நம்பர்ல ஒண்ணு கூட்டிப் போடுங்க.” விடை முற்றிலும் மாறியது.

“பழையபடி லோரி நம்பர்.” பழைய விடையே வந்தது.

ரங்கசாமி பிறகு யாரும் சொல்லாமல் தானாகவே ஆடினார். மகளின் பிறந்த ஆண்டு, வீட்டு எண், மறுபடி லோரி எண். கூட்டம் தோள்மேல் தோளாக எட்டிப் பார்த்தது. கடைசியில் அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

“நான் குடுக்குறத வச்சிதான் இது குடுக்குது.”

“ஆமா தலைவரே.”

“இதுக்குத் தானா ஒண்ணும் தெரியாதா?”

“ஒங்க லோரி நம்பரத் தவிர ஒண்ணும் தெரியாது.”

ஒரு வாழ்நாள் நம்பிக்கை உடையும்போது பெரிய சத்தம் கேட்கும் என்று நினைக்கிறோம். அன்று கேட்டது மோட்டார்சைக்கிள்களின் சத்தம்தான். தஞ்சோங் கிளிங் சாலையில் ஒரு லோரி கவிழ்ந்துகிடப்பதாக யாரோ சொன்னார்கள். பாதிக் கூட்டம் அங்கே போயிற்று. உள்ளங்கையில் எழுதியிருந்ததைச் சிலர் வேட்டியில் துடைத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தார்கள். அந்தச் சிலர் போதும் எனக்கு.

ரங்கசாமி மேசையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்தார். “பொட்டிய எடுத்துக்கிட்டுப் போம்மா. எனக்கு ஒன்மேல கோவமில்ல. ஆனா கமிட்டி மூஞ்சியில நான் முழிக்கணும். மண்டபத்தக் கேக்காத.”

மலர்க்கொடி தலையசைத்தார். வகுப்புப் பெண்கள் தூணோரமாக நின்றார்கள். புதுக் கணினிகள் அவர்கள் கண்முன்னால்தான் போயிருந்தன. மலர்க்கொடி தனியாகத் திரையைத் தூக்க முயன்றார், கனம்.

மீனம்மா வந்து மறுபுறம் பிடித்தார். “அந்தப் பக்கம் ஒசத்துங்கக்கா” என்றார். கருப்பாயி விசைப்பலகையிலிருந்த குங்குமத்தை ஊதிவிட்டு அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். “எங்க வீட்டுக்கு வாங்க லா. கார் போர்ச் இருக்கு, கார்தான் இல்ல.”

அன்றுமுதல் வீட்டின் முன்னால் கூரை போட்ட அந்தக் கார் போர்ச்சில் வகுப்பு நடந்தது. மழைச்சாரல் அடித்தால் கணினிக்குக் குடை பிடித்தார்கள். ஒருவர் எண்ணைக் கொடுக்க, மற்றவர் கண்டுபிடித்தார்கள். மீனம்மாவின் வாய் திரும்பி வந்தது. ‘வெளிய போ’ என்ற சத்தம் தெருமுனைவரை கேட்டது.

தேர்வு நடந்தது. மீனம்மா தேர்வானார், வகுப்பிலிருந்து இன்னொருவரும் தேர்வானார். கருப்பாயி தேர்வாகவில்லை. “புதிர் எல்லாம் சரியாத்தான் போட்டேன், டைப்பிங்தான் கழுத்த அறுத்திருச்சு” என்று சொல்லிவிட்டு அடுத்த தேர்வுக்குப் பழகத் தொடங்கினார். மலர்க்கொடி தம் பழைய இருக்கையிலேயே உருப்பெருக்கியில் குனிந்துகொண்டிருந்தார். வயது வரம்பை யாரும் நீக்கவில்லை. அந்த அநீதிக்கு இந்தக் கதையில் மருந்தில்லை. இருப்பதாகச் சொன்னால் நானும் எலுமிச்சம்பழம் வைத்தவன் ஆவேன்.

ஆனால் முடிவு வந்த பிறகான ஞாயிறு கார் போர்ச்சில் இடம் போதவில்லை. வேறு ஷிப்டுகளிலிருந்தும் பெண்கள் வந்திருந்தார்கள். பவானேஸ்வரி என்ற புதிய பெண்ணைக் கருப்பாயி கணினியின் முன் உட்காரவைத்து, யாரும் பார்க்காமல் ஓர் எண்ணை அடிக்கச் சொன்னார். பவானேஸ்வரி அடித்துவிட்டு எழுந்தார்.

“அக்கா, இப்ப இது எந்த நம்பர நெனச்சிருக்கும்?” என்று மலர்க்கொடியிடம் கேட்டார். “ஒங்களுக்குத் தெரியும்னு சொல்றாங்களே?”

“தெரியாது.”

அந்தச் சொல்லை மலர்க்கொடி எவ்வளவு நிறைவாகச் சொன்னார் என்பதை எழுத்தில் காட்ட என்னால் முடியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வாரம் முழுவதும் குனிந்திருந்த கழுத்தை ஒருமுறை நெட்டி முறித்தார்.

“நகருங்க எல்லாரும். இந்த ஆட்டம் என்னோடது.”